மிளகாய்க் கிட்டங்கியில் ஒரு நிறமாலை

விருதுநகரில் நான் வாயைத் திறந்த முதல் நிமிடமே சிரிப்பாகிவிட்டது. ஸ்டேஷனுக்கு வெளியே நின்ற ஜட்கா வண்டிக்காரரிடம், "கல்லூரிக்குப் போகவேணும், வாடகையை முதலில் கதைப்பம்" என்றேன். அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கதையெல்லாம் போற வழியில சொல்லலாம் சார். மொதல்ல ஏறி உக்காருங்க."

எங்கள் யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்றால் பேசுவது. இங்கே கதை என்றால் கதைதான். வழி நெடுக அவர் என் கதைக்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். கல்லூரி வாசலில் இறக்கிவிடும்போது, "ஒண்ணுமே சொல்லலையே நீங்க" என்றார் கொஞ்சம் ஏமாற்றத்துடன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியன். அக்கரையில் நடக்கும் கோடைப் பயிற்சி ஒன்றில் கலந்துகொள்ள எங்கள் கல்விப் பகுதி சிலருக்குப் பயண உதவி கொடுத்தது. எனக்கு வாய்த்தது விருதுநகர். அறிவியல் ஆசிரியர்களும், விடுமுறைக்கு வந்த பொறியியல் கல்லூரி மாணவர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிற ஏற்பாடு. முடிவில் ஒரு போட்டி இருந்தது. ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் சேர்ந்து, உள்ளூரில் கிடைக்கும் பொருளைக் கொண்டு ஒரு கருவி செய்துகாட்ட வேண்டும். தேறினால் ஆசிரியரின் பள்ளிக்கு ஆய்வுக்கூடச் சாமான்கள். மாணவருக்கு மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை. கொடுப்பது வடக்கே உள்ள ஓர் அறக்கட்டளை.

அயல்நாட்டான் என்பதால் எனக்குப் போட்டியில் இடமில்லை. யாரோடாவது ஒட்டிக்கொண்டு வேலை பார்க்கலாம் என்றார்கள். அப்படி நான் ஒட்டிக்கொண்டது கோமதி டீச்சரோடும் ராசையாவோடும்.

கோமதி டீச்சர் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த பெண்கள் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தார். கரிசல் காட்டில் மிளகாயும் பருத்தியும் போடும் குடும்பம். அவருடைய பள்ளியில் ஆய்வுக்கூடம் கிடையாது. அதனால் பெரிய வகுப்புக்குப் போகும் பெண்கள் அறிவியலை விருப்பப் பாடமாக எடுக்க முடியாது. எழுதப்படாத விதிபோல எல்லோரும் தையலுக்குப் போனார்கள். "கரும்பலகையில குடுவை படம் போட்டுத்தான் சார் ஆக்ஸிஜன் தயாரிக்கேன்" என்றார் என்னிடம், சிரிக்காமல்.

ராசையா ஆனைக்குட்டத்துக்காரன். தாய் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தார். அந்த வீட்டிலிருந்து பொறியியல் கல்லூரிக்குப் போய்க் கடைசி ஆண்டையும் முடித்துவிட்டான். ஆனிமாதம் ஒரு கம்பெனியில் போர்மேனாகச் சேர ஏற்பாடாகிவிட்டது. ஆராய்ச்சி உதவி கிடைத்தால் அந்த வேலைக்குப் போகவேண்டாம். கிடைக்காவிட்டால் போகவேண்டியதுதான்.

ஒன்றாகச் சேர்ந்த முதல் மாலை மூவரும் பேசிக்கொண்டே கடைத்தெருவுக்கு வந்தோம். டீச்சர் வீட்டுக்குத் திரும்ப, ராசையா என்னைப் பரோட்டாக் கடைக்கு அழைத்துப் போனான். எங்கள் ஊரிலும் ரொட்டி உண்டு. ஆனால் இங்கே அதை எண்ணெயில் மிதக்கவிட்டுப் பொரித்தெடுக்கிறார்கள். அப்பளம்போல் நொறுங்குகிற பரோட்டாவின் மேல் சால்னாவை ஊற்றி, அது ஊறி முடிப்பதற்குள் தின்றுவிட வேண்டும். நான் நாகரிகமாகப் பிய்த்துப் பிய்த்துத் தின்பதைப் பார்த்த பக்கத்து இலைக்காரர் பொறுக்கமாட்டாமல் கையை நீட்டி, என் இலையில் இருந்ததை ஒரே குத்தில் நொறுக்கிவிட்டார். "இப்பச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் இலைக்குத் திரும்பினார். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அவர் செய்தது சரி.

என்ன கருவி செய்வது என்று அந்தக் கடையிலேதான் முடிவாயிற்று. "பட்டாசு ஊருல இருக்கோம். செவப்பு, பச்சை, மஞ்சள்னு எரியுது. ஏன் அப்படி எரியுதுன்னு ஒரு பொண்ணுக்கும் காட்டுனதில்ல" என்று டீச்சர் மாலையில் வருத்தப்பட்டிருந்தார். ராசையா கைகழுவிக்கொண்டு வந்து, "ஸ்பெக்ட்ரோஸ்கோப் செஞ்சிருவோமா சார்?" என்றான்.

சுடரின் ஒளியைப் பிரித்து, அதில் என்னென்ன நிறம் ஒளிந்திருக்கிறது என்று காட்டும் கருவி அது. எங்கள் பள்ளியில் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் செய்த பித்தளைக் கருவி, கண்ணாடி அலுமாரிக்குள் பளபளவென்று இருக்கும். பிள்ளைகள் தொடக்கூடாது, தலைமையாசிரியர், எங்கள் வழக்கில் அதிபர், ஊரில் இல்லாத நாளில் ஆசிரியரும் தொட முடியாது. அதை அட்டையிலும் பசையிலும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் காலை சாமான் சேகரிக்கச் சிவகாசிக்குப் புறப்பட்டோம். பஸ் ஏறியதும் கண்டக்டர், "பீடி, சிகரெட்டு எதுவும் கூடாது, பத்த வைக்கணும்னா எறங்கி நடந்து வாங்க" என்று எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துவிட்டு, வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்த என்னிடம் தனியாக இன்னொரு முறை சொன்னார். வழியில் வெட்டவெளியில் பஸ் நின்றது. முன்னால் புகை. இஞ்சின் கொதித்துவிட்டது. டிரைவர் இறங்கி, யாரிடமாவது தண்ணீர் இருக்கிறதா என்று ஜன்னல் ஜன்னலாகக் கேட்டுக்கொண்டு வந்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வேலிக்கருவையும் கரிசல் வெடிப்பும்தான்.

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் சிலர் பின்னால் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வேப்பிலை செருகிய செம்பை மடியில் வைத்திருந்தார். எல்லோரும் அந்தச் செம்பைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. கடைசியில் டிரைவரே வந்து நின்றார்.

"ஆத்தா, அது கோயில் தண்ணியா?"

"கோயில் ஆத்துத் தண்ணிதான்."

"வண்டி சூடு பிடிச்சிருக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அம்மன் தண்ணிக்கு ஆறாத சூடா" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போய், வேப்பிலையை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டு, தன் கையாலேயே ரேடியேட்டரில் ஊற்றினார். பஸ் புறப்பட்டபோது பெண்கள் குலவையிட்டார்கள். சிவகாசி வரை அது எங்கும் நிற்கவில்லை, நிற்க வேண்டிய நிறுத்தங்கள் உட்பட.

சிவகாசியில் அச்சகத் தெரு வழியாக நடந்தோம். ஈரம் காயாத படங்கள் வரிசை வரிசையாக உலர்ந்துகொண்டிருந்தன. ஒரே மயில், ஒரே வேல், ஒரே முருகன். எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கும் காலண்டரிலிருந்த அதே முகம். தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டுவந்த சாமியை அவர் பிறந்த வீட்டிலேயே பார்த்த மாதிரி இருந்தது. அச்சகத்தில் கழித்துப்போட்ட கெட்டி அட்டையை டீச்சர் கேட்டு வாங்கினார். ராசையா தெரிந்த கம்பெனியில் நிறம் தரும் உப்புகளில் சிட்டிகை சிட்டிகையாகப் பொட்டலம் கட்டி வந்தான்: சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று. மஞ்சளுக்குச் சமையல் உப்பே போதும். மருந்து முக்காத வெறும் தீக்குச்சிகள் ஒரு கை அள்ளிக்கொண்டோம். அவற்றை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டினால் சுடர் நிறம் மாறும். ஆய்வுக்கூடத்துப் பிளாட்டினக் கம்பி எதற்கு?

மத்தியானச் சாப்பாடு ஆனைக்குட்டத்தில், ராசையா வீட்டில். அவன் தாய் சொர்ணம் கம்பெனியிலிருந்து அரைநாள் கேட்டு வந்திருந்தார். கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். கருவாடு என்றதும் எனக்கு ஊர் நினைவு வந்து, கேட்காமலே இரண்டாம் முறை தட்டை நீட்டினேன்.

"சிலோன்ல சோறு கெடையாதா?" என்றார் அவர் மகனிடம், குரலைத் தாழ்த்தாமல்.

"ஓம் அம்மா, உண்டு. ஆனால் இந்தக் குழம்பு இல்லை" என்றேன். அதற்குப் பிறகு எனக்கு மட்டும் கூடுதலாக விழுந்தது.

டீச்சர் அந்த வீட்டில் சாப்பிடுவாரா என்று ராசையாவுக்கு ஒரு தயக்கம் இருந்ததை வாசலிலேயே கவனித்தேன். பிறகுதான் அதன் காரணம் எனக்கு எட்டியது. டீச்சர் உட்கார்ந்தார், சாப்பிட்டார், குழம்புக்குக் புதுப்புளியா பழம்புளியா போட்டீர்கள் என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ராசையா மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

அட்டை இருந்தது, குச்சி இருந்தது, ஒளி நுழைய மெல்லிய இடுக்கு செய்யச் சவர பிளேடு இருந்தது. ஒளியைப் பிரிக்க நெருக்கமான கோடுகள் வேண்டும். அதற்கு இசைத்தட்டே போதும் என்று நான் சொன்னேன், எங்கோ படித்திருந்தேன். விருதுநகரில் மைக்செட் கடைக்காரர் உடைந்த பழைய தட்டு ஒன்றைக் கொடுத்தார். அதில் கோடுகள் அகலம். நிறம் கலங்கலாகத்தான் தெரிந்தது. மெல்லிய கோடு போட்ட புதுவகைத் தட்டு இருக்கிறதா என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. கல்யாண வீட்டில் வெயிலில் வைத்து, அப்பளமாக வளைந்துபோன ஒரு தட்டை உள்ளேயிருந்து எடுத்துவந்தார். துக்கத்தோடு அதைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாராம்.

"மெட்ராஸ்ல இருந்து வரவழச்சது. ஒரு நாள் பாடுச்சு."

வளையாத பகுதியாகப் பார்த்து ராசையா சூடான கத்தியால் ஒரு துண்டை அறுத்தபோது, அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் பெட்டி தயாராகிவிட்டது. மெழுகுவர்த்தியைப் பார்த்தோம்: ஊதாவிலிருந்து சிவப்பு வரை பட்டையாக எல்லா நிறமும். உப்பில் ஊறிய குச்சியைப் பார்த்தோம்: மற்றதெல்லாம் மறைந்து, இருட்டில் ஒரே ஒரு மஞ்சள் கோடு. டீச்சர் பெட்டியைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். "இத்தனை வருசமா இதைத்தானா வாயால சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

சிக்கல் அடுத்த நாள் தெரிந்தது. தேர்வுக் குழு பகலில் வருகிறது, மத்தியான ரயிலில் போய்விடும். கல்லூரி மண்டபத்தில் ஆளுயர ஜன்னல்கள். அவற்றின் வழியே வைகாசி வெயில் வெள்ளையாகக் கொட்டியது. ஒத்திகை பார்த்தோம். பெட்டிக்குள் ஒன்றுமே தெரியவில்லை. போர்வையைக் கட்டினோம், காற்று பிடுங்கிப் போட்டது. மற்ற குழுக்கள் நீராவிப் பொம்மையும் காற்றாலையும் வைத்து அழகாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ராசையா தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பட்டப்பகல்ல இந்த ஊர்ல இருட்டுக்கு எங்க போறது?" என்றான்.

டீச்சர் ஜன்னல்களை ஒருமுறை பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, "வாங்க" என்றார்.

அவர் கூட்டிப்போன இடம் ஒரு மிளகாய்க் கிட்டங்கி. டீச்சரின் அப்பா வருடா வருடம் வத்தல் கொண்டுவந்து போடும் கடை. சரக்கறையை எங்கள் பக்கத்திலும் கிட்டங்கி என்றே சொல்வார்கள். இந்த ஒரு சொல்லுக்காவது யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. முன்பக்கம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வத்தலின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் ஜன்னலே கிடையாது. கதவைச் சாத்தினால் உள்ளங்கை தெரியாத இருட்டு. உள்ளே போன மறுகணம் நான் தும்ம ஆரம்பித்தேன்.

கடை அண்ணாச்சி விஷயத்தைக் கடைசிவரை கேட்டார். கனத்த மனிதர், மெதுவாகப் பேசுபவர்.

"இருட்டு எம்புட்டு வேணாலும் எடுத்துக்கோங்கம்மா. ஆனா நெருப்புன்னு சொல்றீகளே. சுத்தி சாக்கு. சிவகாசிப் பக்கத்து ஆளு ஒருத்தர் கையில வெளக்கு வேற."

"அண்ணாச்சி, தாம்பாளத்துல மணல் போட்டு, அது மேலதான் வெளக்கு. பக்கத்துல தண்ணி வாளி. சாக்கைத் தள்ளி அடுக்கிருவோம், நாங்களே அடுக்குறோம்" என்றான் ராசையா.

"அம்மா சொல்லட்டும்."

"எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இது வேணும் அண்ணாச்சி" என்றார் டீச்சர். வேறு எதுவும் சொல்லவில்லை.

அண்ணாச்சி எழுந்து, பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் தானே திறந்துவிட்டார். மாலை முழுக்க மூட்டை தூக்கினோம். என் வெள்ளைக் கால்சட்டை அன்று செங்கல் நிறமானது. பிறகு எந்தச் சவர்க்காரத்துக்கும் அது மசியவில்லை.

தேர்வுக் குழுவில் தலைவர் ஒரு வங்காளப் பேராசிரியர். உயரமானவர், நரைத்த தாடி. கூட வந்தவர் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி, கையில் விதிப் புத்தகம். மண்டபத்தில் எல்லாம் பார்த்துவிட்டு வந்தவர்களிடம், எங்கள் கருவி கடைத்தெருவில் இருக்கிறது என்று டீச்சர் சொன்னார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியர், "நடக்கலாமே" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

கதவு சாத்தப்பட்டது. ராசையா விளக்கை ஏற்றினான். மணல் தாம்பாளம், இரு பக்கமும் வாளி, வாளிக்குப் பக்கத்தில் அண்ணாச்சி. பேராசிரியர் குனிந்து பெட்டியைக் கண்ணில் வைத்த அதே நொடியில் பெரிதாகத் தும்மினார். விளக்கு அணைந்தது.

இருட்டில் ராசையா, "மன்னிக்கணும் சார்" என்றான், தும்மியது தானே என்பதுபோல. மறுபடி ஏற்றினான். இம்முறை அதிகாரி தும்மினார். பிறகு இருவரும் மாறி மாறி. பேராசிரியர் கண்ணில் தண்ணீர் வழியச் சிரிக்கத் தொடங்கிவிட்டார். டீச்சர் தன் முந்தானையை நீரில் நனைத்து மூக்கில் கட்டிக் காட்டினார். அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை நனைத்துப் பேராசிரியரிடம் கொடுத்தார். அதை முகத்தில் கட்டிக்கொண்டு, வழிப்பறிக்காரரைப் போல அவர் மறுபடி குனிந்தார்.

சிவப்பு உப்புக் குச்சி எரிந்தது. அவர் சிரிப்பு நின்றது.

வெகுநேரம் அப்படியே இருந்தார். "ஆரஞ்சு ஒன்று. சிவப்பில் நெருக்கமாகச் சில. ஓ, அதோ நீலத்தில் ஒன்று" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நிமிர்ந்தபோது அவர் ராசையாவிடம் கேட்டார்: "உதவித்தொகை கிடைத்தால் என்ன ஆராய்ச்சி செய்வாய்?"

ராசையா ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொன்னான். மழைக்காலத்தில் மருந்தில் முக்கியெடுத்த குச்சி காய்வதில்லை. காயாவிட்டால் கம்பெனி மூடும், மூடினால் கூலி இல்லை. தீப்பிடிக்காமல் வெந்நீர்க் குழாய் வைத்து உலர்த்தும் அறை ஒன்றை உருவாக்கிப் பார்க்க வேண்டும்.

"ஈரக்காற்றை எந்த அளவுக்குச் சூடாக்கினால் ஆபத்தில்லாமல் காயும்?"

"தெரியாது சார். தெரியாததால்தான் உதவித்தொகை கேட்கிறேன்."

பேராசிரியர் துண்டுக்குள் ஏதோ முனகினார். அது சிரிப்பா இருமலா என்று எங்களுக்குப் புரியவில்லை. அதற்குள் அதிகாரி விதிப் புத்தகத்தைத் திறந்தார். ஆய்வுக்கூடத்துக்கென்று தனி அறை இல்லாத பள்ளிக்குச் சாமான்கள் கொடுக்க இடமில்லை என்றார். அவர் கெட்டவர் இல்லை, வருத்தமாகவே சொன்னார். டீச்சரின் பள்ளியில் அப்படி ஓர் அறை இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"அறை இல்ல சார். பிள்ளைகள் இருக்காங்க" என்றார் டீச்சர்.

பேராசிரியர் துண்டை அவிழ்த்தார். "இருட்டாக்க முடிகிறது. பூட்டு இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது. தீயணைக்க ஆளும் நிற்கிறார்" என்று அண்ணாச்சியைக் காட்டினார். "நாம் இப்போது எதற்குள் நிற்கிறோம் என்று விதிப் புத்தகம் சொல்கிறது?"

அதிகாரி பதில் சொல்வதற்குள், என்ன பேசுகிறார்கள் என்று அண்ணாச்சி என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் மூட்டைகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சீசன் முடிஞ்சா இந்தப் பின்கட்டு சும்மாதான் கெடக்கும். பள்ளிக்கூடம் தொறக்கும்போது தாரேன். அடுத்த சீசன் வர்றதுக்குள்ள அவங்க சொந்தமா ஒரு ரூம் கட்டிக்கிடட்டும்."

"அடுத்த சீசன் வந்துட்டா?" என்றார் அதிகாரி, தமிழில்.

"வந்தா வரட்டும். வத்தலைத் தள்ளி அடுக்கிக்கிடலாம்."

அதிகாரி அந்த இருட்டிலேயே, விளக்கு வெளிச்சத்தில், விதிப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டார். ரயிலைப் பிடிக்கவேண்டுமென்று இருவரும் கண்ணைத் துடைத்தபடி கிளம்பிப் போனார்கள்.

நிறைவு நாள் விழாவில் முடிவைப் படித்தார்கள். ராசையாவுக்கு உதவித்தொகை, பெங்களூரில் ஆராய்ச்சி. கோமதி டீச்சர் பள்ளிக்குச் சாமான்கள், இரவல் அறையானாலும் சரி என்ற குறிப்புடன். கைதட்டல் ஓய்ந்த பிறகும் டீச்சர் எழுந்து நிற்கவில்லை. நான்தான் முழங்கையால் இடித்தேன். நீராவிப் பொம்மைக்காரர்களுக்கும் ஏதோ கிடைத்தது. எனக்கு ஒரு சால்வை.

மறுநாள் கிளம்புவதற்கு முன் கிட்டங்கிக்கு நன்றி சொல்லப் போனேன். அங்கே காம்பு கிள்ளும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பின்கட்டு வாசலில் நின்றார்கள். வந்த ஐயாக்கள் அழுதுகொண்டே என்னத்தைப் பார்த்தார்கள் என்று தாங்களும் பார்க்காமல் விடப்போவதில்லையாம். அண்ணாச்சி வேறு வழியில்லாமல் வாளிப் பக்கம் போய் நின்றுகொண்டார். டீச்சர் ஒவ்வொருவராகப் பெட்டியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் யாருக்கும் தும்மல் வரவில்லை. விளக்கு ஒருமுறைகூட அணையவில்லை. என் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை.

ஆனைக்குட்டத்திலிருந்து சொர்ணமும் வந்திருந்தார். முறை வந்ததும் பெட்டியை வாங்கிக் கண்ணில் வைத்தார். மஞ்சள் எரிந்தது, சிவப்பு எரிந்தது. வரிசை நகரவில்லை. பின்னால் நின்றவர்கள், "யக்கா, பாத்தாச்சுல்ல, குடு" என்று இடித்தார்கள்.

"இருங்கடி" என்றார் சொர்ணம், கண்ணை எடுக்காமல். "இன்னும் பச்சை வரல."

ராசையா பச்சைக்கான குச்சியை எடுத்து விளக்கில் நீட்டினான்.